சனிக்கிழமை கொண்டுவரச் சொன்னனான்

இன்னொருக்காப் போடும். முழுக்க வேண்டாம், அவன் கையைத் திருகிற இடத்தில இருந்து. போனை மேசையில வையாதையும், மேசைத் தகரமும் சேந்து அதிரும். இஞ்ச தாரும் என்ர கையில. ம்... ம்... இந்தா! கேட்டீரோ? கேக்கேல்லையோ? உமக்குக் கேக்காது. உமக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். சைலன்சர் சத்தத்தை ஒதுக்கிப் போட்டு அதுக்குக் கீழ கிடக்கிறதைக் கேக்கவேணும். பானைக்குள்ள நாலு கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒண்டு வருகுது பாரும், எஞ்சின் உச்சத்தில நிக்கேக்க. கையை விட்டவுடன இல்லாமல் போகுது. அதுதான். பதினேழு செக்கன் வீடியோவில ஒரு மூண்டு செக்கன்.

ஓம், கடைசியில என்ர பேரையும் சொல்லுறான், கேட்டனான். கணநாதன் அண்ணை சொன்னவர், பைக் எஞ்சினுக்குப் புதுக் காம் போட்டால் உப்பிடித்தான் சத்தம் போடுமாம், ஓட ஓடச் சரிவருமாம், பயப்பிடத் தேவையில்லையாம். என்ன வடிவாச் சொல்லுறான், கிளிப்பிள்ளை மாதிரி. அதுக்குத்தானே உந்த உரப்பையையும் தூக்கிக்கொண்டு சரவணைக்கு வந்தனீர்? இரும். நிண்டுகொண்டு கதைக்கிற கதையோ இது. அந்தக் கதிரையில எண்ணெய் கிடக்கு, ஒரு பேப்பரை விரிச்சுப்போட்டு இரும். வெள்ளைச் சேட்டு. பழுதாப் போகும்.

வாசல்ல வந்து என்னெண்டு கூப்பிட்டனீர்? அண்ணையோ? நல்லது. முந்திப் போனில மாமா எண்டனீர். ரெண்டு வருசம் மாமா, மாமா. சரி, சரி, அதை இப்ப இழுக்கேல்லை, முகத்தைத் தொங்கப் போடாதையும். ஆக்கள் வருவினம், போவினம். கராஜ் வைச்சிருக்கிறவனுக்கு அது புதுசில்லை.

ஆட்டைத் திவசம் எப்ப? நாளையிண்டைக்கோ. ஒரு வருசம் ஓடினதே தெரியேல்லை என்ன. தம்பி ஹரிஷன் இருந்திருந்தால் இருவத்தஞ்சு. அம்மா உம்மை உள்ள விட்டவவோ? முன் விறாந்தையிலயோ? அப்ப சாப்பாடு? சித்தி வீட்டிலயோ... ம். ரொறன்ரோவில இருந்து பதினெட்டு மணித்தியாலம் பறந்து வந்து சித்தி வீட்டில சாப்பாடு.

ஒளிக்காமல் சொல்லுறன், சயந்தன். உம்மட அம்மா என்னட்டைக் கேட்டவ. எட்டாம் நாள் எட்டுச்செலவு அண்டு நான் படலையடியில செருப்பைக் கழட்டக்கூட இல்லை, நாகபூஷணியக்கா ஓடிவந்து என்ர சேட்டைப் பிடிச்சவ. கணநாதன், நீதானே பூட்டினனி, என்னெண்டடா என்ர பிள்ளைக்கு எஞ்சின் இறுகினது எண்டு. ஊர் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்குது. நான் சொன்னனான், அக்கா, அந்தக் காம் கனடாவில இருந்து வந்தது. அவ்வளவுதான் சொன்னனான். பொய்யோ? கனடாவில இருந்துதானே வந்தது? மிச்சத்தை அவ தானாப் பூட்டிக்கொண்டா. அதுக்குப் பிறகு உம்மட போன் அடிக்க அடிக்க எடுக்கிறேல்லை எண்டு கேள்விப்பட்டன்.

முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டிக்கு அடிச்ச கல்வெட்டுப் புத்தகத்தை நானும் பாத்தனான். உள்ள கிடக்கு, வேணுமெண்டால் எடுத்துத் தாறன். நல்ல மட்டை, கலர்ப் படம். துயர் பகிர்வோர் எண்டு போட்டு மாமன் மச்சான் எல்லாற்ற பேரும் கிடக்கு. ஜேர்மனியில ஆரோ ஒண்டுவிட்ட மச்சாள், ஹரிஷனை ஒரு நாளும் கண்ணால காணாதவள், அவளின்ர பேரும் கிடக்கு. உம்மட பேர் இல்லை. அச்சுப் பிழையாக்கும் எண்டு ரெண்டாந்தரமும் தேடினனான். பிழை இல்லை. அம்மாதான் வெட்டச் சொன்னவவாம்.

அழாதையும். இப்பவே அழுதால் என்னெண்டு. சாமானை வெளிய எடும்.

ஆ, இதுதான். பொலிஸ் விட்டுத் தந்தவங்களோ? இது எஞ்சின்ர தலை. தூக்கிப் பாத்தனீர்தானே, என்ன பாரம். பாரும், இதுக்குள்ள குறுக்கால ஒரு தண்டு கிடக்கு. அதில முட்டை மாதிரிப் புடைச்சிருக்கு, தெரியுதோ? அதுதான் நீர் வாங்கி அனுப்பின காம். வாங்கி அனுப்பினீரே ஒழிய முகத்தை இப்பத்தான் பாக்கிறீர் என்ன. தண்டு சுத்தச் சுத்த இந்தப் புடைப்பு வந்து வால்வைக் கீழ அமத்தித் திறக்கும். பெற்றோலும் காத்தும் உள்ள போகும், மற்றதால புகை வெளிய வரும். புடைப்பு உயரமெண்டால் வால்வு கூடத் திறக்கும், எஞ்சின் கூடக் குடிக்கும், கூட ஓடும். கொம்பனி பூட்டி விடுற காம் ஒரு ஊர்ப் பசு. நீர் அனுப்பினது பந்தயத்தில ஓடுற சவாரி மாடு.

மேல் பக்கத்துச் சத்தம் எண்டு ஒருத்தன் வந்தால் நான் உடன கழட்டுறேல்லை. முதல்ல கேப்பன். நீட்டு ஸ்குறூட்றைவரின்ர நுனியைத் தலையில வைச்சு, பிடியை இந்தக் காதோட்டு எலும்பில வைச்சால் எஞ்சின் தானாக் கதைக்கும். தையல் மெசின் மாதிரி ஒரே தாளமா டிக் டிக் எண்டு அடிச்சால் அது இடைவெளிச் சத்தம். வால்வுக்கும் அதை அமத்துற கைக்கும் நடுவில ஒரு மயிரளவு விடவேணும், அது கூடிப்போச்சு. பத்து நிமிச வேலை. இரும்பில இரும்பு உரைஞ்சு கீச்சிட்டால் எண்ணெய் மேல ஏறேல்லை. அதுவும் தெரியும். புதுக் காம் போட்டால் முதல் ரெண்டு மூண்டு நாள் ஒரு கரகரப்பு இருக்கும், அதையும் நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் உந்த வீடியோவில கிடக்கிறது இது ஒண்டுமில்லை. கீழ் ஓட்டத்தில எஞ்சின் பூனை மாதிரி. உச்சத்தில மட்டும் கல்லுக் குலுங்குது. இன்னொருக்காப் போடும்... ஓம். நிப்பாட்டும்.

எனக்கு இது வீடியோவில தெரிஞ்ச சங்கதியில்லை. வியாழக்கிழமை காலமை பைக்கை இஞ்சதான் கொண்டுவந்தவன். நீர் இப்ப காலை வைச்சிருக்கிற இடத்தில நிப்பாட்டி, அண்ணை ஒரு சத்தம் கேக்குது, ஆனால் கேக்க நல்லா இருக்கு எண்டான். விசரன். ஸ்குறூட்றைவரை வைச்சனான். திருகடா எண்டனான். திருகினவன். கேட்டுது. எலும்புக்குள்ளால வந்து பல்லில முட்டினது. எனக்கு அந்த நிமிசமே தெரியும் அது என்ன சத்தமெண்டு. முப்பத்தொரு வருசமா இந்த வேலை.

என்ன சொன்னனானோ? அதுதான் அவனே உதில சொல்லுறானே. புதுக் காம் உப்பிடித்தான் எண்டு. வெள்ளிக்கிழமை எனக்குக் குறிகட்டுவானில ஒரு வள்ளத்து எஞ்சின் வேலை இருந்தது. சனிக்கிழமை கொண்டுவாடா, திறந்து பாப்பம் எண்டனான். அது வீடியோவில இல்லை. அதை அவன் உமக்குச் சொல்லேல்லை. ஆனால் சொன்னனான். சனிக்கிழமை எண்டு தெளிவாச் சொன்னனான்.

அதுவரைக்கும் திருகாதை எண்டு சொன்னனானோ? உதைத்தான் ஒரு வருசமா என்னை நானே கேக்கிறன். வாயைத் திறந்தது ஞாபகம் இருக்கு. அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கையைக் காட்டினது ஞாபகம் இருக்கு. நடுவில என்ர வாயால என்ன வந்தது எண்டு... சில நாள் சொன்ன மாதிரித்தான் கிடக்கு. சில நாள் கொட்டாவி விட்ட மாதிரிக் கிடக்கு.

சரி, என்னை விடும். உமக்கு உந்த வீடியோ வந்தது எப்ப? வியாழன் காலமையோ, உங்கட நேரத்துக்கு. நீர் என்ன மறுமொழி போட்டனீர்? காட்டும் பாப்பம். கொஞ்சம் கீழ தள்ளும். ஆ... பெருவிரல். ஒரு மஞ்சள் பெருவிரல். கேட்டுப் பாத்திட்டோ போட்டனீர், கேக்காமலோ? ... வேலைக்குப் போற அவசரமோ. ம். தம்பி கடைசியா அனுப்பின சத்தம், அண்ணன் கடைசியா அனுப்பின பெருவிரல். இதை அழிச்சுப் போடாதையும். வைச்சிரும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பண்ணை றோட்டில ஆர் ஆரோட ரேஸ் ஓடினது எண்டு உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. நேர் றோட்டு, ரெண்டு பக்கமும் கடல், உந்த வயசுக்கு வேற என்ன வேணும். மண்டைதீவுச் சந்தி தாண்டி இழுக்கத் துவங்கினவங்கள். பஸ்ரியாம்பிள்ளை எண்டு மண்டைதீவு ஆள், றோட்டுக் கரையில இறால் வலை எடுத்துக்கொண்டு நிண்டவர். அவர்தான் எனக்குச் சொன்னது. வரேக்க அந்தச் சத்தம் தனக்கே கேட்டதாம், கடல்காத்துக்குள்ளாலயும். பிறகு ஒரு வெடி. பிறகு சத்தமே இல்லை. பின் சில்லு இறுகி ரயர் றோட்டில கோடு கீறிக்கொண்டு வந்து, பைக் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். கல்லில அடிபட்டுத்தான் தண்ணிக்குள்ள விழுந்தவன். தண்ணி முழங்காலளவு. நிண்டால் நிக்கலாம். பஸ்ரியாம்பிள்ளை ஓடிப்போய்த் தூக்கேக்க ஹெல்மெட்டுக்குள்ளால கடல் ஊத்துப்பட்டதாம்.

கேக்கத்தானே வந்தனீர். காதைப் பொத்தினால் என்னெண்டு.

இஞ்ச பாரும். இது வால்வு. நேரா இருக்கவேண்டிய தண்டு, கொழுக்கி மாதிரி வளைஞ்சு கிடக்கு. பிஸ்ரன்ர தலையில பிறை மாதிரி ஒரு வெட்டு, அது வால்வு விழுந்த இடம். விளங்குதோ? வால்வைத் திறக்கிறது காம். திருப்பி மூடுறது ஆர்? இந்தா, இந்த ஸ்பிரிங். ஒரு வால்வுக்கு ரெண்டு, பெரிசுக்குள்ள சின்னன். மொத்தம் நாலு. பெருவிரலால அமத்தும். அமருதுதானே? இது கொம்பனி ஸ்பிரிங். பசுவுக்குப் போட்ட கயிறு. சவாரி மாட்டை உதால பிடிக்க ஏலுமோ? எஞ்சின் உச்சத்தில சுத்தேக்க காம் போயிட்டுது, வால்வு இன்னும் மேல வரேல்லை, மிதக்குது. அதுதான் அந்தக் கல்லுச் சத்தம். ஒருக்கா, ரெண்டுதரம் மிதக்கும். மூண்டாந்தரம் கீழ இருந்து பிஸ்ரன் வந்து முட்டும். முட்டினால் இறுகும். இறுகினால் கடல்.

ஆகையால, உயரக் காம் அனுப்புற ஆள் பலமான ஸ்பிரிங்கும் சேத்து அனுப்பவேணும். இது இந்த வேலையின்ர அரிவரி. சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

என்ன? முழுக் கிற் எண்டோ வாங்கினனீர்? பெட்டியில கிற் எண்டு போட்டிருந்ததோ? நீர் பெட்டியைத் திறந்து பாத்தனீரோ? ... கடைக்காரன் நேர இஞ்ச அனுப்பினவனோ. அப்ப நீர் காணேல்லை. அந்தப் பெட்டி உடைபடேக்க கண்டது ரெண்டு பேர். ஒருத்தனைக் கேக்க ஏலாது. தெரியாது, தெரியாது எண்டு நூறு தரம் சொன்னாலும் அம்மா உம்மை விறாந்தையால உள்ள விடுவாவோ? தெரியாத வேலைக்கு ஏன் கையை வைச்சனீர் எண்டுதானே கேப்பா.

போனில என்ன தேடுறீர்? பழைய மெயிலோ? தேடும், தேடும். இஞ்ச சிக்னல் இப்பிடித்தான், சுத்திக்கொண்டே கிடக்கும். அந்தப் பனையடியில போய் நிண்டால் சிலவேளை வரும். வெயில். இரும், அதுவா வரட்டும்.

பூட்டின நாள் உமக்கு ஞாபகம் இருக்கோ? புதன்கிழமை. பின்னேரம் அஞ்சு மணி, உமக்கு விடியக் காலமை. ஹரிஷன் போனை அந்த பற்றறியில சாத்தி வைச்சிட்டு உம்மை வீடியோவில எடுத்தவன். நீர் கோப்பிக் கப்போட. நல்ல குசினி, பின்னால வெள்ளை அலுமாரியள். நான் குனிஞ்சு நிக்கிறன், என்ர முதுகும் கையும்தான் உமக்குத் தெரிஞ்சிருக்கும். ஸ்பீக்கரில கிடந்தது உமக்குத் தெரியேல்லை போல.

இடைவெளி பிடிக்க நான் சவர பிளேட் வைக்கிறனான். ஓம், முகம் வழிக்கிற பிளேட்தான். சண்டைக் காலத்தில ஒரு சாமானும் வராது, மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடின காலம். அளவுத் தகட்டுக்கு எங்க போறது. ஒரு பிளேட்டின்ர தடிப்பு சரியா உள் வால்வுக்கு வேண்டிய இடைவெளி. பழகின கை. இப்ப என்னட்டை அளவுத் தகடும் கிடக்கு, ஆனாலும் கை பிளேட்டைத்தான் தேடும். அதை நீர் அங்க இருந்து கண்டிட்டீர். சிரிச்சனீர். டேய், அந்தாள் இன்னும் பிளேட்டோடயோ எண்டனீர். அதுவும் பரவாயில்லை, நானும் சேந்து சிரிச்சனான். அதுக்குப் பிறகு ஒண்டு சொன்னனீர்.

ஞாபகம் இல்லையோ? உண்மையாவே இல்லையோ? யோசிச்சுப் பாரும்... இல்லையெண்டால் நான் சொல்லுறன். நல்ல காலம் நான் தப்பினன்ரா எண்டனீர்.

அந்த நேரம் என்ர மகள் தர்சினி தேத்தண்ணி கொண்டு வந்து உதில, உந்தத் தூணடியில நிக்கிறாள். ரெண்டு கப். ஒண்டு எனக்கு, ஒண்டு ஹரிஷனுக்கு. கலியாணம் பேசி ரெண்டு வருசம் உம்மோட போனில கதைச்ச பிள்ளை, குரல் தெரியாதோ அவளுக்கு? கப் ரெண்டையும் பலகையில வைச்சாள். சிந்தேல்லை. ஒரு சொட்டுச் சிந்தேல்லை. ஹரிஷன், சீனி காணுமோ எண்டு கேட்டாள். அவன் பாவம் தலையை ஆட்டினவன், முகமெல்லாம் வேர்த்துப்போச்சு, போனைப் பட்டெண்டு கவிட்டு வைச்சவன். அவள் உள்ள போயிட்டாள். பிறகு நான் வேலையை முடிச்சனான். அவ்வளவுதான்.

அதில என்ன மன்னிப்பு. ஒரு பகிடி. ஆம்பிளையள் விடுற பகிடி. நீர் மறந்தே போனீர், அதுதான் நல்லது. சொன்ன ஆள் மறந்திடும். சொல்லுக்குத்தான் மறதி இல்லை.

ஒண்டு கேக்கிறன். என்ர வழக்கம் உமக்குத் தெரியுமோ தெரியாது, தீவுப் பகுதியில எல்லாருக்கும் தெரியும். கழட்டின பழைய சாமான் ஒண்டும் நான் வைச்சிருக்கிறேல்லை. ஒரு ஆணியெண்டாலும் பையில போட்டு உடையவன்ர கையில குடுத்துப்போடுவன். பிறகு ஆரும் கணநாதன் புதுசைப் பூட்டினானோ, பழசையே துடைச்சு விட்டானோ எண்டு கதைக்கக் கூடாது. அந்தப் புதன்கிழமையும் ஹரிஷனிட்டை ஒரு பை குடுத்தனான். வீட்டில கிடக்கோ? கண்டனீரோ? அவன்ர மேசை லாச்சிக்குள்ளயோ. அதுக்குள்ள என்ன கிடந்தது? பழைய காம். வேற? நல்லா யோசிச்சுச் சொல்லும். வேற ஒண்டும் இல்லைத்தானே. ஓம். பழைய காம் மட்டும்தான்.

துடையும் முகத்தை. ஐயோ, அந்தத் துணி வேண்டாம், அது எண்ணெய்த் துணி. இந்தா, பூசிப்போட்டீர். பரவாயில்லை, கறுப்பு நிறம் உமக்குப் பொருந்துது. தண்ணிப் பைப் அந்தப் பக்கம்.

என்ன சொல்லுறீர்? நான்தான் தம்பியைச் சாகடிச்சனான் எண்டோ? உம்மைத்தானே சொல்லுறீர்? ம். ஒரு வருசமா உதைச் சொல்லிக்கொண்டு உறங்கி எழும்பியிருக்கிறீர் என்ன, முகத்தில தெரியுது. மெலிஞ்சும் போனீர். அண்டைக்கு விமான நிலையத்தில இருந்து வந்து வானால இறங்கேக்க ஆரோ கிழவன் வாறான் எண்டு பாத்தனான். எனக்கு முதல்ல சந்தோசமாத்தான் கிடந்தது. ஏன் பொய் சொல்லுவான். பிறகு, இரவைக்குச் சாப்பாடு இறங்கேல்லை. உந்த ரெண்டையும் என்னெண்டு ஒரே வயித்தில வைச்சிருக்கிறது எண்டு தெரியேல்லை.

நான் என்ன நினைச்சனான் தெரியுமோ? ரெண்டு நாள் சத்தம் போடட்டும். பெடியன் உமக்குப் போன் அடிச்சு, அண்ணா நீ அனுப்பின சாமான் குப்பை எண்டு ஒருக்காச் சொல்லட்டும். உம்மட அந்த வெள்ளைக் குசினிக்குள்ள நிண்டு நீர் அதைக் கேக்கவேணும். அவ்வளவுதான். அதுக்குப் பிறகு சனிக்கிழமை நான் திறந்து, அரை மணித்தியாலத்தில அந்தச் சத்தத்தை நிப்பாட்டியிருப்பன். நீர் பிளேட் எண்டு சிரிச்ச கை நிப்பாட்டியிருக்கும். ஆனால் அவன் உமக்குக் குப்பை எண்டு சொல்லேல்லையே. சத்தம் நல்லா இருக்கு எண்டெல்லோ வீடியோ அனுப்பினவன். அண்ணன் அனுப்பினது, அதனால நல்லா இருக்கு. அதை நான் எதிர்பாக்கேல்லை.

விளங்கேல்லையோ? விளங்கும்.

மணி என்ன? மூண்டு பத்தோ. தர்சினி கரம்பொன்னில படிப்பிக்கிறாள், மூண்டரை பஸ்ஸில வந்து இறங்குவாள். அதுக்கு முன்னம் நீர் வெளிக்கிட்டால் நல்லது. உம்மைக் கண்டால் ஒண்டும் சொல்லமாட்டாள், தேத்தண்ணி போடவோ எண்டுதான் கேப்பாள். அதை என்னால பாத்துக்கொண்டிருக்க ஏலாது. ஹரிஷன்ர செத்தவீட்டில உம்மட அம்மாவுக்கு அடுத்ததா அழுதது அவள்தான். தம்பி மாதிரி. அவளுக்கு ஒண்டும் தெரியாது.

உரப்பையைக் கட்டும், வடிவாக் கட்டும், வழியில சிந்தப் போகுது. இன்னும் அந்த மெயில் சுத்திக்கொண்டோ கிடக்கு? சுத்தட்டும், போனை வையும். எனக்கு முழங்கால் ஏலாது, உந்த அலுமாரியின்ர மேல்தட்டில ஒருக்காக் கையை விட்டு அந்தப் பால்மா ரின்னை எடும். துருவேறினது இல்லை, மற்றது. ஓம். மூடி இறுக்கம், நெம்பித் திறவும்.

எண்ணெய்த் தாளில சுத்தினபடிதான் கிடக்கு, நான் பிரிக்கேல்லை. உம்மட பெட்டியில காமோட வந்தது. முழுக் கிற் எண்டுதான் போட்டிருந்தது, நீர் சொன்னது சரி. புதுசைப் பூட்டினாத்தானே தம்பி பழைய ஸ்பிரிங் பைக்குள்ள வரும். கொண்டு போம், அம்மாட்டைக் காட்டும், காட்டாமல் விடும், அது உம்மட பாடு. உடையவன்ர சாமானை நான் வைச்சிருக்கிறேல்லை.

எண்ணிப் பாரும். நாலு இருக்கவேணும்.